அம்மன் பேரில் பற்று

மூன்றாவது தடவை கூட்டியபோதும் அதே ஆயிரத்து இருநூற்று அறுபதுதான் வந்தது. வரவுப் பக்கம் அவ்வளவு கூடுதல். வெயிலுகந்தம்மாள் பென்சிலைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மின்விசிறி தீப்பெட்டி மருந்தின் நெடியையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, இந்த வருசமும் நிக்க மாட்டேங்குதா?" என்றான் கேஷியர் கருத்தையா.

"நிக்குது. ஒத்தக் காலுல நிக்குது."

கோவில்பட்டியில் அந்தத் தீப்பெட்டிக் கம்பெனிக்கு அவள் கணக்கெழுத வந்து இருபது வருசம். பசுவந்தனையில் மழை இல்லாத ஒரு வருசம், பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவள் என்று சொல்லி அப்பா கொண்டுவந்து விட்டார். படித்ததில் மிஞ்சியது கொஞ்சம்தான். வாங்கினவர் பேரில் பற்று, கொடுத்தவர் பேரில் வரவு. ஒரு ரூபாய் நகர்ந்தாலும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும், கடைசியில் ஐந்தொகை போடும்போது இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும்; வந்தால்தான் கணக்கு நிற்கும். கல்யாணம் ஆனது, காளீஸ்வரி பிறந்தாள், திருப்பூருக்கு வேலைக்குப் போன புருசன் திரும்பவில்லை. எல்லா வருசமும் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அவள் இந்த நாற்காலியில்தான் இருந்தாள்.

வித்தியாசம் வந்தால் எழுதியவர் சம்பளத்தில் பிடிப்பது கம்பெனி வழக்கம். போன வருசம் எண்பத்து நான்கு ரூபாய் போனது. இது கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். ஜூனில் காளீஸ்வரிக்குப் பாலிடெக்னிக்கில் பணம் கட்ட வேண்டும்.

பாதியாக்கிப் பார்த்தாள். அறுநூற்று முப்பது. ஒரு தொகை பக்கம் மாறி விழுந்திருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும். ரொக்கப் புத்தகத்தைப் புரட்டினாள். குச்சிக்கு ஒரு அறுநூற்று முப்பது, லாரி வாடகைக்கு ஒன்று. இரண்டும் பேர்வாரியாகப் பிரித்து எழுதும் பேரேட்டில் சரியாக ஏறியிருந்தன. மூன்றாவது, பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு, மகமையிலிருந்து கொடுத்தது.

விற்கிற ஒவ்வொரு பண்டலுக்கும் பத்துப் பைசா ஒதுக்கி அம்மன் பேரில் வரவு வைப்பார்கள். அதுதான் மகமை. கம்பெனிப் பணம் இல்லை, அம்மன் பணம். பேரேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் முதலாளி நவநீதகிருஷ்ணன் பச்சை மையால் தன் கைப்பட எழுதுவார். அவள் கூட்டுவதோடு சரி. எடுத்துப் பார்த்தாள். கொடைக்குப் போன பணம் வரவில் இருந்தது.

முதலாளி சாப்பிட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பேரேட்டை அவர் முன்னால் விரித்தாள்.

"அண்ணாச்சி, இது பற்றுல வரணும்."

அவர் பார்த்தார். மறந்துபோனவர் முகமாக இல்லை.

"அன்னைக்கு வெள்ளிக்கிழமை தாயி. கொடைக்காரங்க வாசல்ல வந்து நிக்காவ, இல்லன்னா சொல்ல முடியும்? குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா அம்மன் பேர்ல பற்று எழுத எனக்குக் கை வரல. அவ என்ன கடன்காரியா?"

"கடன் இல்ல அண்ணாச்சி. நாம அவளுக்குக் குடுக்க வேண்டியதுல கொறஞ்சிருக்கு, அவ்வளவுதான். இப்படியே விட்டா ஆயிரத்து இருநூத்தி அறுபது கூடுதலாக் குடுக்கணும்னு நிக்கும்."

"நிக்கட்டும். அம்மனுக்குக் குடுக்க வேண்டியது கூடுதலா இருந்தா நல்லதுதான?"

கருத்தையா இருமினான்.

"அப்ப ஐந்தொகை நிக்காது. நாளைக்கு ஆடிட்டர் ஆபீசுல இருந்து ஆள் வாராவ" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

"நிக்க வையி. ஒம் பேர்ல பற்று எழுது. மாசம் நூத்தியஞ்சாப் பிடிச்சுக்கிடுவோம். ஒரேயடியாவா பிடிக்கேன்?"

"நான் வாங்கலையே அண்ணாச்சி."

"நீ தின்னுட்டேன்னு யாரு சொன்னா? கணக்குக்குத்தான எழுதுத."

"கணக்குக்கு எழுதுறதுக்குச் சம்பளத்துல ஏன் பிடிக்கணும்?"

"பற்றுன்னு எழுதுனா அது தீரணும்லா தாயி? நீதான் சொல்லுவ." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் அவரோடு பேச முடியாது.

அவள் மேசைக்குத் திரும்பினாள். பச்சை மையை அடித்து எழுதினால் நாளைக்கு நாற்காலி இருக்காது. இருபது வருசத்தில் இரண்டு பேர் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, டீ சொல்லவா?" என்றான் கருத்தையா.

"சொல்லு. ஒம் பேர்ல எழுதிக்கிடுதேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பேரேட்டின் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் எடுத்து, மேலே தன் பெயரை எழுதி, இடது பக்கம் ஆயிரத்து இருநூற்று அறுபது என்று போட்டாள். கூட்டினாள். இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தாள். புதுப் பேரேட்டுக்கு மஞ்சள் வைத்திருந்தார்கள். பழைய பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதினாள், தன் பேரில் இருந்ததையும். பதினொரு மணிக்கு ஆடிட்டர் ஆபீஸ் ஆள் வந்து ஐந்தொகையைப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று வாங்கிப் போனார். மூன்று மணிக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நூற்றைந்து ரூபாய் பிடித்திருந்தது. அதைத் தன் பேரில் வரவு வைத்தாள். ஐந்தரை பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. பசுவந்தனை வரைக்கும் நின்றுகொண்டே போனாள். பாலிடெக்னிக்கில் பணத்தை இரண்டு தவணையாக வாங்குவார்களா என்று விசாரித்து வரும்படி காளீஸ்வரியிடம் சொன்னாள். பிறகு சோறு வடித்தாள்.