மெக்கானிக் அக்கா வீட்டுக்காரர்

தெருவில் அவருக்கு ‘மெக்கானிக் அக்கா வீட்டுக்காரர்’ என்றுதான் பெயர். பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகக் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. மனைவி நேர்மாறு. தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு லாரிப் பட்டறை நடத்தினாள். அவள் தெருமுனை திரும்பும்போதே குரல் முந்திக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

வீட்டில் துணி துவைப்பது அவர் பொறுப்பு. கல்யாணமான புதிதில், ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று அவளுடைய வேலை உடுப்பையும் தன்னுடைய ஆறு வெள்ளைச் சட்டைகளையும் ஒன்றாக மெஷினில் திணித்தார். ஆறும் மழைமேகம் மாதிரி வெளியே வந்தன. அந்த வாரம் முழுக்கத் தலைமை ஆசிரியர், “என்ன சார், சாயங்காலம் வேற வேலைக்கும் போறீங்களா?” என்று கேட்டுக் கேட்டு மானத்தை வாங்கினார்.

அன்றைக்கு வந்த ரோஷத்தில், கிரீஸை ஒரு கை பார்ப்பது என்று இறங்கிவிட்டார். கட்டியாக அப்பியிருப்பதை ஸ்பூன் முனையால் சுரண்டி எடுக்க வேண்டும்; அவசரப்பட்டுத் தேய்த்தால் அது நூலுக்குள் குடியேறிவிடும். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி அரைமணி நேரம் விட்டால் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். அதன்மேல் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம், பழைய பிரஷ், தனி வாளி. கறை போய்விட்டது என்று கண்ணுக்குத் தெரியும்வரை இஸ்திரிப் பெட்டி பக்கமே கொண்டுபோகக் கூடாது. சூடு பட்டால் ஆயுசுக்கும் போகாது. இதெல்லாம் அவர் நான்கைந்து சட்டைகளைக் காவு கொடுத்துத் தெரிந்துகொண்டது.

துவைக்கத் துவைக்க இன்னொன்றும் கைவந்தது. உடுப்பைப் பார்த்தே அவள் அன்றைக்கு என்ன வேலை செய்தாள் என்று சொல்லிவிடுவார். வயிற்றுப் பக்கம் கறுத்திருந்தால் இன்ஜின் மேல் கவிழ்ந்திருக்கிறாள். முழங்கால் என்றால் சக்கரம். முதுகில் மண்ணோடு பிசைந்த எண்ணெயும் தோளில் சொட்டுச் சொட்டாகக் கியர் ஆயிலும் இருந்தால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறாள்.

“பட்டறையில யாரையோ உளவுக்கு வச்சிருக்கீங்க” என்பாள் அவள். சொல்லும்போதே சிரிப்பு முட்டிக்கொண்டு வரும்.

நாற்பத்திரண்டு வயதில் அவள் முதுகு மக்கர் பண்ணத் தொடங்கியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார். “ரெண்டு மாசம் வண்டிக்கு அடியில போகக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. நின்னு செய்யிற வேலை மட்டும்தான்.”

அவள் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நான்காம் நாளே முதுகில் கறை.

“சுவத்துல சாஞ்சிருப்பேங்க.”

“சுவத்துக்கு யாரு கியர் ஆயில் பூசினது?”

அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து உடுப்பின் முதுகு பளிச்சென்று வந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பொட்டு அழுக்கு இல்லை. அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. சொன்னதைக் கேட்கிறாளே என்று ஒருநாள் வாய்விட்டே பாராட்டினார். அவள் ஏனோ தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலையணை உறைகளைத் துவைக்க எடுத்தார். அவளுடைய உறையின் நடுவில், உள்ளங்கை அளவுக்கு, பழுப்பும் கறுப்புமாக ஒரு வட்டம். மோந்து பார்த்தார். கியர் ஆயில்.

உறையைத் தனி வாளியில் போட்டார். உடுப்புக்கு மேல் எதையோ போட்டுக்கொண்டு மறைத்திருக்கிறாள். பின்னந்தலையை மறந்துவிட்டாள். கோபம் வந்தது. அவளுக்கு அந்த வேலை இல்லாமல் முடியவில்லையே என்று நினைத்ததும், வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் மதியம், பள்ளியில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, சாப்பாட்டுக் கேரியரோடு பட்டறைக்குப் போனார். அவரைக் கண்டதும் மைத்துனன் திருதிருவென்று விழித்தான்.

“அக்கா… கடைக்குப் போயிருக்கு மாமா.”

“செருப்பில்லாமயா போயிருக்கா?”

லாரியின் பக்கத்தில் அவளுடைய செருப்பு ஜோடியாகக் கிடந்தது. சற்றுத் தள்ளி, சக்கரங்களுக்கு நடுவில், இரண்டு பாதங்கள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று குனிந்தவர், அந்தப் பாதங்கள் அசையாமல் இருப்பதைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரமா இப்படிக் கிடக்கா?”

மைத்துனன் மென்று விழுங்கினான். “கால்மணி நேரம் மாமா. முதுகு பிடிச்சுக்கிச்சு. உங்களுக்குச் சொன்னா கொன்னுடுவேன்னுச்சு.”

அவர் கேரியரை வைத்தார். அப்படியே தரையில் படுத்து, வெள்ளைச் சட்டையோடு, தவழ்ந்து தவழ்ந்து அடியில் போனார். வாழ்நாளில் ஒரு லாரியின் வயிற்றை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் மல்லாந்து கிடந்தாள். மேலே தம்பியின் பழைய சட்டை ஒன்றை மாட்டியிருந்தாள். நெற்றி முழுக்க வேர்வை.

“சட்டை போச்சே” என்றாள் அவரைப் பார்த்ததும்.

“அது என் கவலை. எங்க வலிக்குது?”

“இடுப்புல. திரும்ப முடியல.” என்றாள். “திட்டுங்க. திட்டிடுங்க.”

“வெளிய போய்த் திட்டுறேன். இங்க இடம் பத்தாது.”

சிரிக்கப் போனவள் வலியில் முகத்தைச் சுளித்தாள். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. “அவன் நல்லாத்தான் செய்யிறான். ஆனா மேல நின்னு பாத்தா எனக்கு மனசு ஒப்பலங்க. சத்தத்தக் கிட்ட கேட்டாத்தான் என்ன கோளாறுன்னு தெரியுது. அதுவும் இல்லன்னா நான் யாரு?”

அவர் இன்னும் கொஞ்சம் நெருங்கினார். தன் கைக்குட்டையால் அவள் நெற்றியைத் துடைத்தார். பிறகு மைத்துனனைக் கூப்பிட்டு, தார்ப்பாய் ஒன்றை உள்ளே தள்ளச் சொல்லி, இருவருமாக அங்குலம் அங்குலமாக அவளை அதன்மேல் நகர்த்தி, பூப்போல வெளியே இழுத்தார்கள்.

ஆறு வாரம் படுக்கையும் பயிற்சியுமாகப் போனது. கடைசி இரண்டு வாரம் மட்டும் பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார டாக்டர் சம்மதித்தார். அங்கேதான் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். வீட்டில் சும்மா கிடந்த ஒலிவாங்கியையும், அதோடு நீளக் கம்பியில் இணைத்த ஹெட்போனையும் கொண்டுபோய் மைத்துனனிடம் கொடுத்தார். அவன் ஒலிவாங்கியை வண்டிக்கு அடியில் பிடிப்பான். அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். “இடப்பக்கம் போ… இன்னும் பின்னால… அங்கதாண்டா, பேரிங்!” என்று அவள் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

டாக்டர் மறுபடி அனுமதி கொடுத்தபோது, படுத்தபடியே வண்டிக்கு அடியில் உருண்டு போகச் சக்கரம் வைத்த பலகை ஒன்று பட்டறைக்கு வந்திருந்தது. முதல்நாள் வேலை முடித்து வந்தவள், உடுப்பைக் கழற்றி நேராக அவர் மடியில் போட்டாள்.

“இன்னிக்கு அடியில போனேன். நானே சொல்லிடுறேன்.”

“எவ்வளவு நேரம்?”

“இருபது நிமிஷம்.”

“வலி?”

“துளிக்கூட இல்ல. நம்பலன்னா என் தம்பியக் கேளுங்க.”

“அவனையா?” என்றார் அவர். “அவன் ‘அக்கா கடைக்குப் போயிருக்கு’ம்பான்.”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.