பாய் வெட்டித் தந்த ஸ்பாஞ்சு

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தசரா சமயம். அப்போது பெங்களூர் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் குமாஸ்தா. அந்த வருடக் கோடையில்தான் எங்கள் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. அதன்பிறகு என் மனைவி சமைப்பாள், துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான். வீட்டில் அவள் குரலே இல்லாமல் போய்விட்டது.

அதைத் திரும்பக் கொண்டுவந்தது ஒரு மீன்தொட்டி. எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது, அந்த வீட்டம்மாள் தொட்டியை மீன்களோடு என் மனைவியிடம் ஒப்படைத்தாள். காற்று அடிக்கும் சின்ன மோட்டார் ஒன்றும் கூடவே வந்தது. அதிலிருந்து ஒரு குழாய், தண்ணீருக்குள் இருக்கும் ரப்பர் ஸ்பாஞ்சுக்குப் போகும். தொட்டியின் அழுக்கையெல்லாம் பிடித்துவைப்பது அந்த ஸ்பாஞ்சுதான். அதைக் குழாயடியில் கழுவவே கூடாது, தொட்டித் தண்ணீரையே கிண்ணத்தில் மொண்டு லேசாகப் பிழிந்தால் போதும், அந்த அழுக்கில்தான் மீன்களின் உயிர் இருக்கிறது என்று அந்த அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். என் மனைவி அப்படியே செய்துவந்தாள். செய்துகொண்டே மீன்களோடு பேச ஆரம்பித்தாள். பிறகு என்னோடும். மீன்களுக்கு அடுத்த இடம்தான் எனக்கு என்றாலும் நான் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜைக்கு ஊரிலிருந்து என் அக்கா வந்தாள். கல்யாணமான மறுவருடமே கணவனை இழந்தவள். நல்ல காரியம் நடக்கும் வீடுகளில் தானாகவே பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். பிரசவத்தின்போது அவள்தான் துணைக்கு இருந்தாள். அதற்குப்பின் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் போய்க் கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்துவந்தேன்.

வந்தவள் சும்மா இருப்பாளா? பூஜைக்காக என் சைக்கிள், அரிவாள்மணை, சுத்தியல், தையல் ஊசி டப்பா என்று ஒன்றையும் விடவில்லை. நானே கொஞ்சம் அசையாமல் நின்றிருந்தால் என்னையும் தேய்த்திருப்பாள். மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் தொட்டியும் அக்கா கண்ணில் பட்டுவிட்டது. அசிங்கமாகப் பழுப்பேறிக் கிடந்த ஸ்பாஞ்சைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் சோப்பு போட்டு, பளிச்சென்று துவைத்து மாட்டிவிட்டாள். பிறகு மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். பொட்டு வைக்க அவள் கை நீளாது. அவள் ஸ்பாஞ்சைத் துவைத்தது அப்போது எனக்கோ மனைவிக்கோ தெரியாது.

மறுநாள் காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கறுப்பு மீன் ஒன்று செத்து மிதந்தது. மனைவி தொட்டிக்குள் கைவிட்டு வெள்ளை வெளேரென்ற ஸ்பாஞ்சை எடுத்தாள். எடுத்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பழைய மௌனம் திரும்பிவிட்டதோ என்று பயந்தேன். அக்காவோ பின்கட்டில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். "இந்தக் கை எதைத் தொட்டாலும் வெளங்காதுடா. அன்னிக்கும் இந்தக் கைதானே பக்கத்துல இருந்துச்சு" என்றாள். இத்தனை மாதமாக அவள் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மனைவி என்னிடம் வந்தாள். "நான் பாதித் தண்ணிய மாத்திடறேன். நீங்க எங்கயாவது மீன் இருக்கற வீட்டுல, ஊறின ஸ்பாஞ்சு ஒரு துண்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். அழுக்கைக் கேட்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? சிவாஜிநகரில் ஒரு தையல்கடையில் தொட்டி இருப்பதைப் போகும்போது வரும்போது பார்த்திருந்தேன். அங்கே ஒரு சட்டைகூடத் தைத்ததில்லை. டிபன் கேரியரில் ஒரு அடுக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நல்லவேளையாகக் கடை திறந்திருந்தது. உள்ளே இருந்த தையல் மெஷின்களுக்கெல்லாம் கடைப் பையன்கள் பூ சாத்திப் பொட்டு வைத்திருந்தார்கள். துணி வெட்டிக்கொண்டிருந்த பாயிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அரே, சோப்பு போட்டாங்களா! இங்கயும் பசங்க நேத்து கழுவப் பாத்தானுங்க சார், நாம சத்தம் போட்டு நிறுத்தினோம்" என்றார். பிறகு தன் தொட்டியிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து, துணி வெட்டும் பெரிய கத்தரியாலேயே இரண்டாக வெட்டினார். கத்தரி பாழாகிவிடுமே என்று நான் பதறினேன். "உயிரு முக்கியம் சார், பஸ்ஸு பிடிங்க" என்று பாதியை என் பாத்திரத்தில் போட்டு, அது காயாமல் இருக்கத் தன் தொட்டித் தண்ணீரையும் ஊற்றினார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் "ஊட்டாவா சார்?" என்று கன்னடத்தில் அன்பாக விசாரித்தார். சாப்பாடுதான் என்று தலையாட்டிவிட்டு மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தை மனைவியிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கிக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போய், அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"நீங்களே உள்ள போடுங்கக்கா."

"ஐயோ, நான் வேணாம்மா. உனக்கு ஆசையா இருக்கறது அது ஒண்ணுதான்."

"அதனாலதான் சொல்றேன். போடுங்க."

இனி ஒரு மீன் செத்தாலும் அக்கா இந்த வாசலை மிதிக்கமாட்டாள். மனைவிக்கும் அது தெரியும். தெரிந்துதான் கையை விடாமல் நின்றாள். அக்கா அழுதுகொண்டே அந்தப் பழுப்புத் துண்டைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

மாலையில் இன்னொரு மீன் போனது. அக்கா திரும்பவும் பையை எடுத்தாள், மனைவி அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அடுத்தடுத்த நாட்களில் மற்ற மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி நீந்தத் தொடங்கின. தீபாவளி வரைக்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்தது அக்காதான். பாய் கடையில் அந்தத் தீபாவளிக்கு நான் சட்டை தைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து எங்களுக்கு மகள் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையை என்னிடம் நீட்டியபோது, உள்ளேயிருந்து மனைவி, "அவர்கிட்ட அப்புறம், முதல்ல அக்கா கையில குடுங்க" என்றாள். தன் கையைத் தானே சபித்துக்கொள்ளும் யாரையாவது பார்த்தால், இன்றும் எனக்கு ஆறுதல் வார்த்தை எதுவும் வருவதில்லை. நமக்கு உயிராக இருக்கும் ஒன்றை எடுத்து அந்தக் கையிலேயே கொடுக்கத்தான் தோன்றுகிறது.