கடை போனில் வந்த விளம்பரம்

மற்ற தையல்காரர்கள் அளவெடுக்கும்போது எண்களைச் சத்தமாகச் சொல்வார்கள். அவள் சொல்ல மாட்டாள். நாடாவைச் சுற்றிப் பார்த்துத் தானே குறித்துக்கொள்வாள். இடுப்பு எவ்வளவு என்று கேட்டால், துண்டுக் காகிதத்தைத் திருப்பிக் காட்டுவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். தெருக்காரர்கள் அவளுக்கு ‘வாய்ப்பூட்டு’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பூட்டை நம்பித்தான் பெண்கள் அவள் கடைக்கு வந்தார்கள்.

மருந்துக்கடைக்காரரின் மனைவியும் அப்படித்தான் வந்தாள். அறுவை சிகிச்சையில் ஒரு மார்பை எடுத்திருந்தார்கள். சட்டைகள் ஒரு பக்கம் தொய்ந்து விழுந்தன.

“வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாதுக்கா. பாவமாப் பார்த்தாங்கன்னா என்னால தாங்க முடியாது.”

வாய்ப்பூட்டு தலையாட்டினாள். அப்படிச் சட்டை தைத்துப் பழக்கமில்லை. கடை போனில் தேடி, உள்பக்கம் பஞ்சு வைக்கப் பை தைப்பது எப்படி என்று பார்த்துத் தைத்தாள். சட்டை கச்சிதமாக அமைந்தது.

வாடிக்கையாளர்கள் கழுத்து மாடல் பார்ப்பதும் அதே போனில்தான். மறுவாரம் பக்கத்து வீட்டு டீச்சர் மாடல்களைத் தள்ளிக்கொண்டே போனவள் சட்டென்று விரலை நிறுத்தினாள். நடுநடுவே செயற்கை மார்பு விளம்பரங்கள்.

“என்னடி, வரிசையா இதே வருது? நம்ம தெருவுல யாருக்கு? மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டி அன்னைக்கு இங்கேருந்து பையோட போனாளே, அவளுக்கா?”

தெரியாது என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் டீச்சரே கண்டுபிடித்துவிடுவாள்.

“எனக்குத்தான் தேடினேன்,” என்றாள் வாய்ப்பூட்டு. கையிலிருந்த துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டீச்சர் போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பேச்சு தெருவெல்லாம் சுற்றி, அலுவலகம் போய்வரும் நாத்தனார் காதுக்கும் வந்தது.

“அண்ணி, உங்களுக்குப் புற்றுநோயாமே. ஒரே வீட்டுல இருக்கற எனக்குத் தெரியாம எப்படி வந்துச்சு?”

யாருக்காகத் தேடினாள் என்பதை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னாள்.

“நீங்க வாயைப் பூட்டி என்ன புண்ணியம்? போன் உளறிடுச்சே.”

“நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்ல வேணாம் அண்ணி. எதைத் தேடுறீங்க, எதை எவ்வளவு நேரம் பார்க்கறீங்கன்னு இணையக் கம்பெனிக்காரங்க ஒளிஞ்சிருந்து குறிச்சுக்குவாங்க. விளம்பரக்காரங்க கைக்கு அது போயிடும்.”

“அளவெடுக்கறதுன்னா ஆளைக் கேட்டுட்டுல்ல எடுக்கணும்,” என்றாள் வாய்ப்பூட்டு.

நாத்தனார் சிரித்துக்கொண்டே போனை வாங்கினாள். தேடியதையெல்லாம் அழித்தாள். விளம்பரக்காரர்கள் ஆளை அடையாளம் வைத்துத் தொடராதபடி அமைப்புகளை மாற்றினாள். “குறையும், சுத்தமா நிக்காது. மத்தவங்க கையில குடுக்கற போன்ல இனிமே இதெல்லாம் தேடாதீங்க,” என்றாள்.

இப்போது கழுத்து மாடல்கள் படங்களாகக் கடைச் சுவரில் இருக்கின்றன. போன் மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது. மருந்துக்கடைக்காரர் மனைவியின் விஷயம் வெளியே போகவில்லை. வாய்ப்பூட்டுக்குத்தான் நோய் என்று தெரு இன்னும் நம்புகிறது. டீச்சர் அடிக்கடி வந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் தைத்துக்கொண்டிருக்கிறாள்.