வாடை இல்லாத மலைக்காற்று

போன மாதம் ஒரு கல்யாணத்தில் எங்கள் தலைக்கு மேல் ட்ரோன் பறந்தது. எல்லோரும் அண்ணாந்து சிரித்துக் கையாட்டினார்கள். அதன் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும், விழுந்தால் எத்தனை தலைகள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப்பதினாறு தலைகள். ஓட்டியவரிடம் போய், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் அதுவே பாத்துக்கும் பெரியவரே" என்றார். எனக்கு ஏலகிரியும் பஜ்ஜியும் ஞாபகத்துக்கு வந்தன.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் அளவுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் சதுர அடிகளை எண்ணிவிட்டு ஓய்வு பெற்றிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாயும் அப்போதுதான் ஓய்வு பெற்றார். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டியவர். ஜெட்டாவில் வேலை பார்த்த அவர் மகன், விமானம் ஓட்டும் ரிமோட் ஒன்றும் சின்ன மோட்டார் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். விமானத்தை நாங்களே செய்துகொள்ள வேண்டும்.

முதல் விமானம் பறக்கவே இல்லை. தெர்மாகோல் இறக்கைகளைப் பாய் தனக்குத் தெரிந்த ஒரே பசையால், அதாவது ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் பசையால் ஒட்டினார். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பசை இறக்கைகளைத் தின்றுவிட்டிருந்தது. இரண்டாவது, பாலாற்று மணலில் பதினோரு முறை அழகாகப் பறந்தது. பன்னிரண்டாம் முறை, கரையோரம் தோல் ஊறப்போட்டிருந்த தொட்டியில் போய் விழுந்தது. மோட்டாரைக் கழுவிக் காயவைக்க நான்கு நாள், பாய் வீட்டில் நாற்றம் போக ஒன்பது நாள் ஆயின. பத்தாம் நாள் அவர் மனைவி என்னையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார்.

"அண்ணே, நீங்களும் கேட்டுக்குங்க. இன்னும் ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா அந்த ரிமோட்ட எம்பொண்ணு வீட்டுக்கு அனுப்பிடுவேன். அங்க இருக்குற ரெண்டு வாண்டுங்க ஒரே நாள்ல பிரிச்சு மேஞ்சிடும்."

பாய் தலையாட்டினார். சொன்னால் செய்கிற பெண்மணி என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மூன்றாவதை ஐந்து மாதம் செய்தார். ஒவ்வொரு பாகத்தையும் முதலில் அட்டையில் வெட்டிச் சரிபார்த்த பிறகே தெர்மாகோலைத் தொட்டார். பசை, தச்சர்கள் மரத்துக்குப் போடுவது. எடை தொள்ளாயிரத்து நாற்பது கிராம். பாலாற்றில் முப்பது முறை பறந்து முப்பது முறையும் திரும்பி வந்தது. அப்போதுதான் பாய்க்கு அந்த ஆசை வந்தது. ஏலகிரி மலை விளிம்பில் நின்று பறக்கவிட்டால், ஊரே கீழே கிடக்க, இது மட்டும் மேலே பறக்கும்.

எனக்கு ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு, இறக்கைக்குப் பிடிப்பு போதாது, அதனால் வேகமாக வீச வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "காத்துல கூடவா சார் கம்மி ஜாஸ்தி?" என்று பாய் சிரித்தார். பார்க்க வேண்டியவற்றை ஓர் அட்டையில் எழுதினேன். பதினான்கு வந்தன.

வாணியம்பாடியில் பஸ் மாறினோம். பாய் மடியில் விமானத்தின் உடல், என் மடியில் இறக்கைகள். மூன்றாவது எங்கே போய் விழுகிறது என்று தானே பார்க்க வேண்டும் என்று அவர் மனைவியும் வந்திருந்தார். மலைப்பாதையிலும் வளைவுகள் பதினான்கு. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

விளிம்பில் ஒரு புல்வெளி. எங்களுக்குப் பின்னால் வரிசையாக உயர்ந்த மரங்கள். முன்னால் பள்ளத்தாக்கு. கீழே வீடோ ஆளோ இல்லை, பாறையும் காடும்தான். அறுபது அடி தள்ளி நின்று ரிமோட்டைச் சோதித்தோம். மோட்டார் முழு வேகத்தில் ஓடினால் பேட்டரி ஆறு நிமிடம் பத்து நொடி தாங்கும். மூன்று முறை அளந்து வைத்திருந்தேன். பதினான்குக்கும் குறி போட்டாயிற்று.

பதினைந்தாவதாகக் காற்று இருந்திருக்க வேண்டும். பாலாற்றில் நாங்கள் காற்றைப் பார்த்ததே இல்லை. பச்சைத்தோல் வாடை வந்தால் மேற்குக் காற்று, பதனிட்ட தோலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வாடை வந்தால் கிழக்குக் காற்று. எங்கள் மூக்கு அதைச் சொல்லிக்கொண்டே இருந்ததால் அட்டையில் எழுதத் தோன்றவில்லை. மலைமேல் மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை. "காத்தே இல்ல சார்" என்றார் பாய். நானும் ஆமாம் என்றேன்.

வீசினார். நான் எண்ணத் தொடங்கினேன். விமானம் விளிம்பைத் தாண்டி, வெயிலில் வெள்ளையாக ஏறியது. அதற்குக் கீழே இரண்டு பருந்துகள் வட்டமிட்டன. அறுபத்து நான்கு வருட வாழ்க்கையில் பருந்தின் முதுகை அன்றுதான் பார்த்தேன். பாய் சத்தம் போட்டுச் சிரித்தார். எண்ணிக்கையை விடாமல் நானும் சிரித்தேன்.

தொண்ணூறு எண்ணும்போது அது பாலாற்றில் போவதைப்போல இரண்டு மடங்கு தூரம் போயிருந்தது. ஏன் என்று யோசித்தேன். அப்போது மரங்களுக்குப் பின்னாலிருந்து, சுடச்சுட எண்ணெயில் மிளகாய் பஜ்ஜி வேகும் வாசனை வந்தது.

"பாய், திருப்புங்க. பஜ்ஜி வாசன வருது."

"அவ வாங்கத்தான் சார் போயிருக்கா. செத்த பொறுங்க."

"கடை நமக்குப் பின்னாடி இருக்கு. காத்து அங்கேர்ந்து அடிக்குது. மரம் மறைச்சதுல நமக்குத் தெரியல. உங்க விமானத்தத் தள்ளிட்டுப் போவுது."

பாயின் சிரிப்பு நின்றது. திருப்பினார். திரும்பிய விமானம் ஆணி அடித்ததுபோல அதே இடத்தில் நின்றது. மோட்டார் முழு வேகம், நகர்வு இல்லை. நூற்று எண்பது. இருநூறு. எங்களிடம் மிச்சமிருந்தது உயரம் ஒன்றுதான்.

"மூக்க எறக்குங்க. உயரம் கொறைஞ்சா வேகம் வரும்."

இறக்கினார். விமானம் கொஞ்சம் கொஞ்சமாக எங்களை நோக்கி வந்தது. முந்நூறில் விளிம்புக்கு இன்னும் வெளியே. முந்நூற்று நாற்பதில் விளிம்புக்கு மேலே. முந்நூற்று ஐம்பத்திரண்டில், என் கணக்குக்குப் பதினெட்டு நொடி முன்னதாகவே, மோட்டார் ஓய்ந்தது. மரங்களின் மறைவுக்குள் வந்துவிட்டதால் அதன் பிறகு தள்ளக் காற்று இல்லை. சத்தமே இல்லாமல் மிதந்து வந்து, பாயின் காலடியிலிருந்து பதினோரு அடியில் புல்லில் உட்கார்ந்தது.

பாய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி பஜ்ஜிப் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. குனிந்து விமானத்தை எடுத்து, இறக்கையில் ஒட்டியிருந்த புல்லை முந்தானையால் துடைத்தார்.

"ரிமோட்டு நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். "ஆனா இனிமே, விடுறதுக்கு முன்னாடி பஜ்ஜிக்காரர அடுப்பு பத்த வெக்க சொல்லுங்க."

நின்றபடியே தின்றோம். பாய் ஐந்து, அவர் மனைவி நான்கு, நான் மூன்று. எண்ணெய்க் கையோடு அட்டையில் பதினைந்தாவதை எழுதினேன். இன்னொரு பேட்டரி மிச்சமிருந்தது. மரங்களுக்கு அந்தப் பக்கம் போய், இந்த முறை காற்றுக்கு எதிர்முகமாக நின்றோம். பாய் ரிமோட்டைப் பிடித்துக்கொள்ள, வீசியது அவர் மனைவி. நான் கணக்குப் போட்டதைவிட வேகமாகவே வீசினார்.