வாசல் வெயிலில் கிடந்த கேன்

பொத்தேரியில் படிக்கும் என் மகள், சாப்பாட்டு டப்பாவில் வெந்நீர் ஊற்றினால் ஹார்மோனைக் குலைக்கும் ரசாயனம் இறங்குகிறதா என்று கல்லூரியில் சோதித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, பிளாஸ்டிக் படாத தண்ணீர் கேட்டாள். நாங்கள் குடிக்கிற தண்ணீரையே கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொடுத்தேன்.

முடிவு வந்ததும் போன் செய்தாள்.

"டப்பாவுல மட்டும் இல்லம்மா, நீ குடுத்த தண்ணியிலயும் இருக்கு. எதுல புடிச்ச?"

"இன்னாடி சொல்ற? கேன் தண்ணிதான்!"

கர்ப்பிணி மருமகள் பாரம் தூக்கக் கூடாதென்று, பிளாஸ்டிக் கேன் நான் வேலையிலிருந்து வரும்வரை வாசல் வெயிலிலேயே கிடக்கட்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஓடிப்போய் அவள் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினேன்.

இப்போது குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி எவர்சில்வர் குடத்தில் ஊற்றி வைக்கிறேன். மருமகள் அதைக் குடிக்கும்போதெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்கிறாள்:

"இத்தினி நாளா குடிச்சது, அத்தே?"