சூலத்துக்குப் பயந்து எதிர்வீட்டில் வைத்த பை

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கப்பல் ஏற வேண்டிய நாளில், எங்கள் இரண்டு பேருடைய அசல் ஆதார் அட்டைகளும் எதிர்வீட்டுக்குள் பூட்டிக் கிடந்ததற்கு நான்தான் காரணம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலமும் தூரமும் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நான், நன்றாக யோசித்து, நல்ல நேரம் பார்த்துச் செய்த காரியம் அது.

என் மனைவி சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். அவள் ஓய்வு பெற்றதும் பெங்களூரில் இருக்கும் மகன், சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் இரண்டு ராத்திரி போய்வர எங்களுக்குச் சீட்டுப் போட்டான். செய்தியைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணம், சாவு, கோயில். இந்த மூணுக்கும் இல்லாம நான் இதுவரைக்கும் எங்கயும் போனதே இல்லீங்க" என்றாள்.

அதைக் கேட்டதும் இந்தப் பயணத்தில் ஒரு தப்பும் நடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். தப்பெல்லாம் அந்த முடிவில்தான் ஆரம்பித்தது.

கப்பல் புதன்கிழமை சாயங்காலம் கிளம்புகிறது. மதியம் இரண்டு மணிக்குத் துறைமுக வாசலை அடைத்துவிடுவார்கள். அசல் அட்டை இல்லாதவர்களை ஏற்ற மாட்டார்கள். "திங்கக்கெழமையே சென்னைக்குப் போயி எங்க அக்கா வூட்ல தங்கிடுவோமே" என்றாள் மனைவி. புத்தியுள்ளவன் அதோடு பேச்சை முடித்திருப்பான். நானோ நாலு பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். எங்கள் அரியலூரில் காலை எட்டு மணி ரயில். அது வராவிட்டால் பெரம்பலூர் போய்ச் சென்னை பஸ். பஸ்ஸும் இல்லாவிட்டால் வாடகைக் கார். எழும்பூரிலிருந்து துறைமுகத்துக்கு ஆட்டோவில் எத்தனை சிக்னல் என்பதைக்கூட எழுதி வைத்தேன்.

எல்லாம் எழுதி முடித்துவிட்டுக் காலண்டரைத் திருப்பினால், புதன்கிழமை வடக்கே சூலம். சென்னையோ எங்களுக்கு நேர் வடக்கு. சூலம் இருக்கும் திசையில் அந்தக் கிழமை பயணம் போகக் கூடாது என்பார்கள். அதற்குப் பரிகாரமும் உண்டு. அந்தத் திசையில் சூலம் இல்லாத நாளில், நல்ல நேரத்தில், நம் பை ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே கிளம்பிவிட்டதாக அர்த்தம். போகிற அன்று அந்தப் பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம்.

எல்லோரும் பையில் ஒரு பழைய வேட்டியை வைப்பார்கள். எனக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. கிளம்புவது என்றால் முக்கியமான பொருளல்லவா கிளம்ப வேண்டும்? திங்கட்கிழமை காலை ஒரு மஞ்சப்பையில் வேட்டியைப் போட்டு, அதன் மடிப்புக்குள் இரண்டு ஆதார் அட்டைகளையும் வைத்து எதிர்வீட்டு அண்ணனிடம் கொடுத்தேன். மனைவியிடம் வேட்டியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு எதிர்வீட்டுக் கதவில் கை அகலத்துக்குப் பூட்டு தொங்கியது.

ஏழாவது தடவை அடித்தபோதுதான் அண்ணன் போனை எடுத்தார். பின்னால் நாதஸ்வரம் முழங்கியது.

"ஜெயங்கொண்டத்துல மச்சான் வூட்டுக் காதுகுத்து தம்பி. நேத்து சாயங்காலமே வந்துட்டோம். என்ன விஷயம்?"

"அண்ணே, என் பை!"

"பழைய வேட்டிதானே? ஊருக்குப் போயிட்டு வந்து வாங்கிக்கங்க."

"அதுக்குள்ளதாண்ணே ரெண்டு பேரு ஆதாரும் இருக்கு."

அண்ணன் ஓரமாக வந்தார் போல, நாதஸ்வரச் சத்தம் குறைந்தது. பிறகு அண்ணன், "ஏன் தம்பி, நீங்கதான பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தீங்க?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மனைவி பெட்டி பக்கத்தில் நின்றிருந்தாள். கப்பலுக்கென்று வாங்கிய செருப்பைப் போட்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பூட்ட ஒடச்சிடட்டுமாண்ணே?" என்று போனில் கத்தினேன்.

"ஒடச்சிருவீங்களா? ஒங்க கையால தேங்கா ஒடையாது. இருங்க, ஆறு மணி பஸ் நிக்குது. கண்டக்டர்கிட்ட சாவியக் குடுத்தனுப்புறேன்."

மனைவி மறுபடி செருப்பை மாட்டினாள். "நான் பெட்டியோட ஸ்டேஷனுக்குப் போறேன். பை இல்லாம வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்றேன். நாலு பக்கத் திட்டம் சட்டைப் பையில் இருந்தது. மனப்பாடமாகவே தெரியும். எதிர்வீட்டுப் பூட்டுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. ஏழு மணி ஆனது. சிமெண்டு ஆலை லாரிகள் வரிசையாகப் போயின, அவற்றின் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துச் சாலை முனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருபத்தெட்டு வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளை நான் ஒரு மஞ்சப்பையால் கரையிலேயே நிறுத்தப் போகிறேன்.

ஏழேகாலுக்கு பஸ் உள்ளே நுழைந்தது. நிற்பதற்குள் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "கப்பலுக்குப் போற வாத்தியார் யாருங்க?" என்று கூவினார்.

கையைத் தூக்கினேன். பஸ்ஸில் இருந்த எல்லாத் தலைகளும் ஜன்னலுக்கு வந்தன. அண்ணன் ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறார், அது ஐம்பது பேருக்குத் தெரிந்திருக்கிறது.

"டிரைவர் வழியில டீக்குக்கூட எறங்கல சார்" என்றபடி, கைக்குட்டையில் முடிந்த சாவியைக் கொடுத்தார் கண்டக்டர். அதோடு ஒரு லட்டும் இருந்தது. காதுகுத்து வீட்டு லட்டு.

மடியில் முந்திரிக் கூடை வைத்திருந்த ஓர் அம்மா ஜன்னல் வழியாகக் கேட்டார். "வூட்டுக்காரம்மா எங்க சார்?"

"ஸ்டேஷன்ல நிக்கிறாங்க."

"அட, அவங்கள நிக்க வச்சிட்டு இங்க லட்டக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறீங்களே! ஓடுங்க!"

ஓடினேன். பூட்டைத் திறந்து, பையை எடுத்து, பூட்டி, ஆட்டோவில் பாய்ந்து ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். பை இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். விருத்தாசலம் தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு லட்டில் பாதியைப் பிட்டு என் பக்கம் நீட்டினாள்.

துறைமுக வாசலுக்குப் போனபோது மணி ஒன்றரை. சுவருக்கு மேலே கப்பல் தெரிந்தது. எங்கள் ஊர் சிமெண்டு ஆலைக்கு வெள்ளையடித்துத் தண்ணீரில் நிறுத்தினது போல இருந்தது. மனைவி கழுத்தை நிமிர்த்தி ஒவ்வொரு மாடியாக எண்ணினாள். எண்ணிக்கை தப்பிவிட்டது போல, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பார்த்த காவலர், தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அட்டைகளை மறுபடி மஞ்சப்பைக்குள் செருகிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை தெக்கே சூலம் இல்ல. பாத்துட்டேன். திரும்பி வர்றதுக்கு ஒரு தடையும் இருக்காது" என்றேன்.

அவள் கப்பலிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டினாள்.

"பையை இப்படிக் குடுங்க."