பாத்தி குடித்த தண்ணீர்

தண்ணீர் ஊற்றியதும் அந்தப் பாத்தியிலிருந்து ஒரு வாடை எழும்பும். மழை விட்ட மறுநாள் பழைய கூரைவீட்டுக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுமே, ஊறிப்போன பனஞ்சட்டத்தின் புளித்த வாடை, அதுதான். பத்து வயதில் எனக்கு அது என்ன வாடையென்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன், "எரு மக்குதுடா, நல்லதுதான்" என்றாள். மக்கியது எரு இல்லை. அந்தப் பாத்திக்கு அடியில் ஒரு கிணறு இருந்தது. அதன் வாயில் குறுக்காகப் போட்டு மேலே மண்ணைக் கொட்டி மூடியிருந்த பனைமரங்கள் எங்களுக்குத் தெரியாமல் மக்கிக்கொண்டிருந்தன. அதற்கு மேலேதான் அந்த வருஷம் மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் என் அம்மா தினமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து களை பறித்தாள்.

அப்பாவுக்கு கோர்ட்டில் குமாஸ்தா வேலை. சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு மாற்றலானதும், மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் ஒருவருக்குச் சொந்தமான ஓட்டு வீட்டில் குடியேறினோம். சிதம்பரத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் ஒரே வீட்டில் ஐந்து குடித்தனம். வாசலில் கோலம் போட ஐவரும் முறை வைத்துக்கொள்வார்கள். துளசி வைக்கக்கூட மண் கிடையாது. "உங்கம்மா கை பட்டா கருவேப்பில கன்னு கூடப் பட்டுப்பூடும்" என்று அப்பாவின் அக்கா, என் அத்தை, ஊர் கேட்கச் சொல்லிச் சிரிப்பார். கடலூர் வீட்டின் பின்பக்கம் திறந்துகிடந்த இடத்தைப் பார்த்த அன்று, அம்மா சாமான் எதையும் இறக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணின்மேல் கொஞ்ச நேரம் நின்றாள். நான் அளந்து பார்த்தேன். நீளம் என் காலடிக்கு முப்பத்தாறு, அகலம் இருபத்திரண்டு. தென்னை இரண்டு, முருங்கை ஒன்று, துவைக்கிற கல் ஒன்று, அடிபம்பு ஒன்று. கிணறு இல்லை. அந்தத் தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் கிணறு இருந்தது, பதினொன்று எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இல்லை என்று அப்பாவைக் கேட்டேன். "அதான் பம்பு இருக்கே" என்றார்.

தோட்டம் போட்டுக்கொடுக்கச் சிதம்பரத்திலிருந்து சபா மாமா வந்து எங்களோடே தங்கினார். அம்மாவின் தம்பி, வேலை தேடிக்கொண்டிருந்தவர், எதற்கும் சிரிப்பார். தோளில் ஒரு மண்வெட்டி, மடியில் சாம்பலில் புரட்டி முடிந்துவைத்த விதைப் பொட்டலம், இரண்டோடும் பஸ்ஸிலிருந்து இறங்கினார். மாசிப் பட்டத்தில் போட்டால் கோடையில் பறிக்கலாம் என்று புடலை, பாகல், பூசணி, வெண்டை, கொத்தவரை எல்லாம் கொண்டுவந்திருந்தார். கொல்லையின் நாலு மூலையிலும் வெட்டிப்பார்த்தார். எல்லா இடமும் கடினம். மண்வெட்டி "ணங்"கென்று திரும்பியது. நடுவில், முருங்கைக்கும் துவைக்கிற கல்லுக்கும் இடையில், ஒரு வட்டத்தில் மட்டும் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

"அக்கா, இங்க வா. மண்ணு அப்படியே பொலபொலன்னு கெடக்கு பாரு. யாரோ ஒனக்குன்னே வெட்டி வச்சிருக்காங்க."

அம்மா ஓடிவந்து ஒரு பிடி அள்ளி உதிர்த்துப் பார்த்தாள். இடம் முடிவாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மதில்மேல் முகத்தை வைத்து மும்தாஜ் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். மாமியார் போன வருஷம் மவுத்தாகிவிட்டார்.

"ஏன் தங்கச்சி, அந்தாண்ட போட்டா ஆவாதா?"

"அங்கல்லாம் மண்வெட்டி எறங்கல அக்கா. ஏன் கேக்கறீங்க?"

"எனக்கு ஒன்னும் தெரியாதும்மா. எங்க மாமியா இருந்தப்ப அந்த எடத்துல ஆட்டக்கூடக் கட்டவுட மாட்டாங்க. ஏன் மாமின்னு கேட்டா, சும்மா கெடடின்னுவாங்க. அதுக்கு மேல நான் கேக்கல."

மாமா சிரித்தார். "பேய் இருந்தா புடலங்கா ஜாஸ்தியா காய்க்கும் அக்கா, அதுக்கும் ரெண்டு குடுத்துடலாம்." மும்தாஜ் அக்கா சிரிக்கவில்லை. "அல்லா காப்பாத்தணும்" என்று சொல்லிவிட்டு முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பாத்தியைச் சுற்றி மாமா செங்கல்லைச் சாய்த்து நட்டு வரம்பு கட்டினார். நாற்பது செங்கல். பாத்திக்கு வெளியே, கடினமான தரையில், கடப்பாரையால் குழி தோண்டி நாலு சவுக்குக் கட்டையை ஊன்றிப் பந்தல் போட்டார். பாத்திக்குள் ஊன்றியபோது கட்டை ஆடியதால்தான் வெளியே நட்டார். "உள்ள புடிமானம் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது மட்டும் என் காதில் விழுந்தது. அந்த ஒரு பேச்சை அவர் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். கிழக்குப் பார்த்து நின்று, வாய் பேசாமல், அம்மா விதை ஊன்றினாள். விதை ஊன்றும்போது பேசினால் முளைக்காது என்பது அவள் வீட்டு வழக்கம்.

எல்லாம் முளைத்தது. அதுதான் பயங்கரம் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு விதைகூடத் தவறவில்லை. கொடிகள் பந்தலில் ஏறிய வேகத்தைப் பார்த்துத் தெருப் பெண்கள் வந்து போனார்கள். அம்மாவின் முகம் மாறிவிட்டது. சமைக்கும்போது பாட ஆரம்பித்திருந்தாள். தென்னைக்கும் முருங்கைக்கும் இரண்டு வாளி ஊற்றினால் தண்ணீர் தளும்பி நிற்கும். இந்தப் பாத்தி ஏழு வாளி குடித்தும் மேலே ஒரு பளபளப்பு இருக்காது. பம்பு அடித்துக்கொடுப்பது என் வேலையென்பதால் எனக்கு அது தெரியும். "ஏம்மா நிக்கவே மாட்டேங்குது?" என்றால், "குடிக்கிற மண்ணுதான் குடுக்கும்" என்பாள். அவள் அம்மா சொல்வாளாம்.

பங்குனி நடுவில் வரம்பைச் சுற்றி வந்து எண்ணினேன். முப்பத்தாறு செங்கல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மேற்குப் பக்கம் நாலு மண்ணுக்குள் போயிருந்தது. மாமாவிடம் சொன்னேன்.

"கோழி சீச்சித் தள்ளியிருக்கும் மாப்ள."

அடுத்த முறை முப்பத்தொன்று.

"புது மண்ணு, அமரத்தாண்டா செய்யும். அக்கா, ஒன் புள்ள கோர்ட்டுக்கே போவாம குமாஸ்தா ஆயிட்டான் பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குக் "கணக்குப்புள்ள" என்று பெயர். பிஞ்சுகளை எண்ணவும் எனக்குத் தடை. "வெரல நீட்டாத, பிஞ்சு வெம்பிப் போவும்" என்று அம்மா என் ஆள்காட்டி விரலை மடக்கிவிடுவாள். காட்டித்தான் ஆகவேண்டுமென்றால் விரலை மடித்து முட்டியால் காட்டவேண்டும். எனவே நான் காயை எண்ணுவதை விட்டு, கல்லைப் பார்க்க ஆரம்பித்தேன். புடலங்காய் கோணாமல் வளர நுனியில் நூலால் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். முதல் காயில் கட்டிய கல் தரைக்கு என் கையால் ஒரு சாண் மேலே தொங்கியது. காய் வளர வளரக் கல் இறங்கித் தரையைத் தொடவேண்டும். காய் வளர்ந்தது, என் கை நீளத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. கல் தரையைத் தொடவில்லை. இடைவெளி அதே ஒரு சாணாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் ஒன்றரைச் சாணானது. காய் கீழே போகப் போக, தரை அதைவிட வேகமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. பந்தல் மட்டும் வெளியே ஊன்றிய காலில் அசையாமல் நின்றது.

அப்பாவிடம் சொன்னேன். செய்தித்தாளிலிருந்து கண்ணெடுக்காமல், "அம்மாவ சந்தோஷமா இருக்கவுடுடா" என்றார். அவர் சொன்னது நியாயமாகவும் பட்டது. அம்மாவிடம் மறுபடி சொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஆனால் அவள் பாத்திக்குள் இறங்கும்போதெல்லாம் பம்பின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பேன்; ஏன் பிடித்தேன் என்று தெரியாது.

சித்திரைக் கடைசியில் கோடை மழை ஒன்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் சிதம்பரத்திலிருந்து அத்தை வருவதாக இருந்தது. தன் தோட்டத்துப் புடலங்காயைக் கூட்டு வைத்துப் பரிமாறவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. காலையில் குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் கத்தியோடு போனாள். நான் பம்படியில் நின்றேன். புளித்த வாடை அன்று வாசல்வரை அடித்தது. அவள் குனிந்து பந்தலுக்குள் நுழைந்து, நடுவில் தொங்கிய பெரிய காயை இடது கையால் பிடித்து, என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப எண்ணிக்கடா, ஒன்னு" என்றாள்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. அரிசி மூட்டையைத் தரையில் வைத்தால் வருமே, "தொம்", அவ்வளவுதான். பாத்தி இருந்த இடத்தில் பாத்தி இல்லை. அம்மா மார்வரைக்கும் மண்ணுக்குள் இருந்தாள். இரண்டு கையும் பந்தலின் குறுக்குக் கட்டையில் கொடியோடு சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். அவள் காலுக்குக் கீழே மண்கட்டிகள் உதிர்ந்து போய்க்கொண்டிருந்தன. உதிர்ந்த கட்டி தண்ணீரில் விழும் சத்தம் கேட்க நேரமாயிற்று. ஒன்று, இரண்டு, பிறகு "ப்ளக்".

"அசையாத அக்கா! அசையாத! கட்டய வுட்றாத!" மாமா பாத்தியின் விளிம்பில் குப்புறப் படுத்து ஊர்ந்துபோனார். அப்பா அவர் காலைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், மெதுவா, மச்சான்" என்று அப்பா கெஞ்சியதை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். மும்தாஜ் அக்கா எப்படி மதில் தாண்டினார் என்று தெரியாது, தன் சேலையை அவிழ்த்து வீசி, "இடுப்புல சுத்து, தங்கச்சி, இடுப்புல" என்று அலறினார். அம்மாவை வெளியே இழுத்தபோது பந்தல் பாதி சரிந்து, காயும் கொடியும் கல்லுமாக உள்ளே போயிற்று. வரம்புச் செங்கல்லில் பதினேழு மிச்சம்.

வீட்டுக்காரர் மாலையில் வந்தார். குழியை எட்டிப்பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கியதும் அவருடைய அப்பா மூடிய கிணறாம்.

"மண்ணப் போட்டுத் தூர்த்திருக்கலாமே ஐயா?" என்றார் அப்பா.

"சிவ சிவா! தண்ணி கண்ட கெணத்தத் தூர்க்கறதா? வம்சமே நாக்கு வறண்டு போவும் சார். மூடலாம், தூர்க்கக் கூடாது. எங்கப்பா பனமரம் அடுக்கி, மேல மண்ணப் போட்டு, அதோட மூச்ச அதுக்கே வுட்டுட்டாரு. இருவது வருஷம் தாங்குச்சில்ல?"

மறுநாளே வண்டியில் புது மரம் வந்திறங்கியது. ஆறு மரம். அடுக்கி, மண்ணைக் கொட்டி, காலால் மிதித்துச் சமன்செய்துவிட்டு, "இது இன்னும் இருவது வருஷத்துக்குத் தாங்கும்" என்றார்.

"அப்புறம்?" என்று கேட்டார் அப்பா.

"அப்புறம் யாரு சார் இங்க இருக்கப்போறா?"

அந்த மாதமே வீட்டை மாற்றிவிட்டோம். விழுந்த அன்று அத்தை வந்தார், பார்த்தார், அதன்பிறகு அம்மாவின் கையைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அம்மா கடைசிவரை சிமெண்டுத் தரையிலேயே நடந்தாள். அவளுக்கென்று ஒரு செடியும் வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இப்போது எழுபத்திரண்டு. என் மகள் கடலூரில் வாங்கிய வீட்டுக்கு அவளோடு வந்து சேர்ந்திருக்கிறேன். அதே பகுதிதான், அதே தெருவா, பக்கத்துத் தெருவா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஓட்டு வீடு ஒன்றும் இல்லை, மதில்கள் மாறிவிட்டன, முருங்கை இல்லை, வீட்டு எண்ணையே இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள். பதினொரு கிணறுகளில் ஒன்றையும் காணோம். வீடு வீடாகக் கேட்டேன். "கெணறா? இங்க ஏது சார் கெணறு? எல்லாம் போர்தான்" என்கிறார்கள். எங்கள் வீட்டோடு சேர்த்தால் பன்னிரண்டு. அவை எங்கும் போகவில்லை. அவற்றை எப்படி மூடியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மாசி பிறந்துவிட்டது. மகள் வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போடுகிறாள். மாடியில் பையில் வைத்துக்கொள் என்று சொல்லிப்பார்த்தேன். "தரையில வச்சாதாம்பா காய்க்கும், நீங்க எல்லாத்துக்கும் பயப்படுவீங்க" என்றாள். இடத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். மற்ற இடமெல்லாம் கட்டாந்தரையாம். இங்கேதான் மண் பொலபொலவென்று இருக்கிறதாம்.

இன்று காலை விதை ஊன்றித் தண்ணீர் விட்டாள். ஆறாவது வாளியை நான் அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, அவளைச் சிமெண்டுத் தரைக்கு ஏறி வரச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் பாத்தியின் நடுவில் நின்று சிரிக்கிறாள். ஐந்து வாளி ஊற்றியாயிற்று. மண்மேல் ஒரு சொட்டும் நிற்கவில்லை.